அராவாத ஒரு தகடு

தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம், நனைந்த ஹோஸ்களைத் தொங்கவிட்டுக் காயப்போடும் கோபுரத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை. நிலையத்துப் பேண்டு வாத்தியங்களை ரிப்பேர் பார்க்கும் இடம் அது. அங்கே வேலை செய்கிறவளை எல்லாரும் மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக அடுத்தவர் எச்சிலைத் துடைத்துப் பிழைக்கிறவள். முகம் சுளிக்கிறவர்களுக்கு அந்த வேலை ஒத்து வராது. அப்பேர்ப்பட்டவளே அன்று காலை அந்த டிரம்பெட்டைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

டிரம்பெட் அவளுடைய அக்கா புருஷனுடையது. பேண்டில் முதல் டிரம்பெட் அவர்தான். பட்டப்பெயர் சுருதிப்பெட்டி. பயிற்சி தொடங்கும்போது அவர் ஒரு ஸ்வரத்தை நீளமாக ஊதுவார், மற்ற இருபத்தாறு பேரும் தங்கள் வாத்தியத்தை அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். மனுஷருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பதினோரு வருஷமாக அந்தக் குழாயை ஒருத்தரையும் தொட விட்டதில்லை. கை மாறினால் சுருதி மாறிவிடுமாம். நேற்று நடு வால்வு அமுங்கியது அமுங்கியபடி நின்றுவிட்டதால், வேறு வழியில்லாமல் கொண்டுவந்து வைத்தார்.

"வால்வை மட்டும் பாரும்மா. வேற எங்கயும் கை வைக்காத."

வால்வைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது, கை வைக்காமல் தீராது என்று. வாய்வைத்து ஊதும் பக்கத்துக் குழாயில் பிரஷ்ஷை விட்டாள். ஒரு விரல் நீளம் போய் முட்டியது. அழுத்தித் தள்ளினாள். மறுமுனையில் சாம்பலும் பச்சையுமாக ஒன்று நெளிந்து வெளியே வந்தது. பொத்தென்று தட்டில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. டீயில் நனைத்த பிஸ்கட்டை மென்றுகொண்டே வந்து, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஊதுகிற பழக்கம் அவருக்கு. பதினோரு வருஷத்து டீயும் பிஸ்கட்டும் எச்சிலும் அங்கே ஒன்றாக ஊறிக் கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இனி இன்றைக்கு ஒரு வாய் இறங்காது.

தட்டில் கிடந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் வழித்துப் போட்டாள். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

காற்று முதலில் நுழைகிற அந்த இடம் குறுகினால் ஸ்வரம் மேலே ஏறும். கொஞ்சம் ஏறினால், சுருதி சேர்க்கிற வளைவுக் குழாயை வெளியே இழுத்துக் கீழே இறக்கிக்கொள்ளலாம். இவருடைய வளைவுக் குழாயோ பச்சைக் களிம்பு பிடித்து இறுகிக் கிடந்தது. வருஷக்கணக்காக அது அசையவே இல்லை. அழுக்குச் சேரச் சேர சுருதி மயிரிழை மயிரிழையாக ஏறியிருக்கிறது. நாறுகிற அறையிலேயே குடியிருப்பவனுக்கு நாற்றம் தெரியாத மாதிரி, கூடவே பழகிய காதுக்கு அது தெரியவில்லை. அவர் ஏற ஏற, மற்றவர்களும் தங்கள் குழாய்களை உள்ளே தள்ளித் தள்ளி அவரோடு ஏறியிருக்கிறார்கள். ரிப்பேருக்கு வந்த எல்லா வாத்தியத்திலும் குழாய் ஒட்ட உள்ளே போயிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஏறாமல் நின்றது பெல்ஸ் மட்டும்தான். ஒரு பெட்டியில் எஃகுத் தகடுகளை இரண்டு வரிசையாக அடுக்கி, சின்னச் சுத்தியால் தட்டுகிற வாத்தியம் அது. தகட்டில் என்ன அழுக்குச் சேரும்? அது இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், பெல்ஸ் சுருதி இறங்கிவிட்டது என்று சுருதிப்பெட்டி குதித்தார். தகடுகளின் முனையை அரத்தால் அராவிச் சுருதியை ஏற்றச் சொல்லி இவளிடம் அனுப்பினார் பேண்டு மாஸ்டர். சுருதி காட்டும் மெஷின் இழுப்பறையில்தான் இருந்தது. வைத்துப் பார்த்தாள். தகடு சரி என்றுதான் முள் சொன்னது.

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? நான் ஊதறேன், நீ அராவு," என்றார் அக்கா புருஷன்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவர் ஊதினார், இவள் அராவினாள். கடைசி ஓரத்துத் தகடு ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். எந்தப் பாட்டிலும் அந்த உச்சி ஸ்வரம் வராது.

இப்போது பெல்ஸ் மறுபடியும் இறங்கிவிட்டதாம். இந்தத் தடவை சுருதிப்பெட்டி வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார். தகடு மச்சினி சரிபார்த்த தகடு, அதில் தப்பிருக்காது. தட்டுகிற ஆள்தான் தப்பாம். தட்டுகிற விதத்தில் எஃகின் சுருதி இறங்குமா என்று அத்தனை பேரில் ஒருத்தர் கேட்கவில்லை. 'தகடுகளில் குறை இல்லை' என்று போன வாரம் மாஸ்டர் நீட்டிய தாளில் இவளும் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருஷம் வாசித்த பெல்ஸ்காரரை இன்று நாலு மணிக்குப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டு, ஹோஸ் கழுவும் கொட்டகைக்கு அனுப்பப்போகிறார்கள்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் டிரம்பெட்டை மூன்று தடவை கழுவினாள். வளைவுக் குழாயில் எண்ணெய் விட்டு, சூடு காட்டி இழுத்தாள். கிறீச்சென்று அலறிக்கொண்டு வந்தது. பூட்டி முடித்து, பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப்போனாள். அராவாத தகட்டைத் தட்டிவிட்டு, அதே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியில் ஊதினாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. அராவிய தகடு ஒன்றைத் தட்டி அதன் ஸ்வரத்தை ஊதியபோது பல் கூசியது. அந்த அராவலும் தன் கைதான் என்று நினைத்ததும், சுத்தியை வைத்துவிட்டு மறுபடியும் கை கழுவப் போனாள்.

மூன்று மணிக்கு அக்கா புருஷன் வந்தார். கையில் பிஸ்கட்.

"கழுவிட்டேன் மாமா," என்றாள். "இவ்வளவு நாளா உங்க குழாய்தான் ஏறியிருக்கு. பெல்ஸ் இறங்கவே இல்ல."

பதறுவார், குறைந்தபட்சம் அசடாவது வழிவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிதானமாக மென்றார்.

"தெரியும்மா. போன வருஷமே வீட்டுல மெஷின் வெச்சுப் பார்த்தேன். முள்ளு மேலதான் காட்டுச்சு. அதுக்காக ஊர் பூரா தம்பட்டம் அடிக்கணுமா?"

"தெரிஞ்சேவா அந்த மனுஷனை அனுப்பறீங்க?"

"என்னை எல்லாரும் சுருதிப்பெட்டின்னு கூப்பிடறாங்க. இந்த வயசுல அசிங்கப்படச் சொல்றியா? நாலு மணிக்கு விஷயம் முடிஞ்சிடும். அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம். உன் அக்காவை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். இந்த வாயோடு அக்கா இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாளே என்றுதான் நினைக்க முடிந்தது. அவர் டிரம்பெட்டை எடுத்து, மென்றதை முழுசாக விழுங்காமலே ஊதினார். பளபளவென்று துடைத்து வைத்திருந்த வாய்ப்பகுதியில் ஈரப் பிஸ்கட் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அந்த மனுஷனை அங்கேயே குழாயடியில் நிறுத்தித் தேய்க்க வேண்டும்போல் இருந்தது.

நாலு மணிக்குக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் தாளை எடுத்ததும் மெக்கானிக்கம்மா முன்னால் போய் ஜாடியை மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது கருமம்?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார் மாஸ்டர்.

"நம்ம சுருதி சார்," என்றாள். "முதல் டிரம்பெட்டுக்குள்ளேர்ந்து எடுத்தது. பதினோரு வருஷமா இதுக்குத்தான் எல்லாரும் சேர்த்துட்டு இருந்தோம்."

பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள், தான் அராவாமல் விட்ட தகட்டையும், அவர் வீட்டில் மெஷின் வைத்துப் பார்த்ததையும் சேர்த்து. மாஸ்டர் மெஷினை வாங்கி மற்றவர்களை ஒவ்வொருவராக ஊதச் சொன்னார். ஒருத்தர் பாக்கியில்லாமல் முள் மேலே போனது. தாளை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பெல்ஸ்காரரிடம், "அந்தக் கடைசித் தகட்டைத் தட்டுங்க," என்றார்.

பெல்ஸ்காரர் தட்டினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மொத்தப் பேண்டும் அவருக்காகக் காத்திருந்தது. எல்லாரும் குழாயை இழுத்தார்கள். பாதிப் பேருக்கு அது இறுகிப்போய் வரவில்லை. ஆளாளுக்கு முக்கி இழுத்ததில் கூடம் முழுக்க அந்த நாற்றம் பரவியது. அக்கா புருஷனும் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தகட்டுக்குத் தன் டிரம்பெட்டைச் சேர்த்தார்.

மெக்கானிக்கம்மாவுக்கு மனசு கொஞ்சம் லேசானது. பெட்டியிலிருந்து நழுவியிருந்த அந்தத் தகட்டை எடுத்துச் சரியாக உட்கார வைத்தாள்.

"இனிமே உங்க சுருதிதான் சார்," என்றாள்.

பெல்ஸ்காரர் வரிசையாக மற்றத் தகடுகளைப் பார்த்தார்.

"இதை மட்டும் வெச்சு என்னம்மா வாசிக்கறது? மத்ததையெல்லாம் அராவினது நீங்கதானே?"

"ஆமா."

"தாள்ல கையெழுத்தும் உங்களுதுதானே?"

"ஆமா சார்."

பெல்ஸ்காரர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்த ஒரே தகட்டில் அவள் விரல் பட்ட இடத்தை அழுத்தித் துடைத்தார்.