லரீபாவின் வள்ளம்

வீரய்யா மாமா வள்ளத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பூனாகலையிலிருந்து கருவாட்டு லொறியில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர், குளக்கரையில் இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீருக்குள் மொட்டையாக நின்ற செத்த மரங்களைப் பார்த்தார். பிறகு கரையிலிருந்த தேத்தண்ணீர்க் கடை வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ போயி ஒங்கப்பனக் கூட்டிட்டு வா புள்ள. நான் இங்கனயே இருக்கேன். தண்ணிக்கும் எனக்கும் ஆகாது."

அதனால் நான் மட்டும் ஏறினேன். வள்ளம் வலித்து வந்தது ஒரு பெண்பிள்ளை. என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, கையில் துடுப்பு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் தாஸ் மாமாட மகளா?" என்றாள்.

என் அப்பாவின் பெயர் தேவதாசன். தாஸ் மாமா என்று யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

அப்பா வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த வருசம் தோட்டத்தில் வாரத்துக்குப் பாதி நாள்கூட வேலை கொடுக்கவில்லை. கூப்பனுக்குக் கிடைக்கும் மாவும் குறைந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பல பேர் வேலை தேடிக் கீழே இறங்கினார்கள். அப்பாவுக்கு மொனராகலைக்கும் கீழே, இந்தப் பெரிய குளத்துக்கு நடுவிலிருக்கும் தீவில் வேலை கிடைத்தது. லத்தீப் நாநா அங்கே மீன்பிடித்துக் கருவாடு போடுகிறவர். மனைவி ரஹ்மத்தும்மாவும் மகள் லரீபாவும் அவரோடு தீவிலேயே இருந்தார்கள். லொறியில் அவ்வப்போது எங்களுக்கு ஒரு பொட்டலம் கருவாடு வரும். அப்பா வரவில்லை.

இப்போது தோட்டத்தில் வேலை முழுதாகத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக் களத்தில், தப்படித்துக் கூப்பிட்டு ஆள் எண்ணும்போது அப்பா வந்து நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவோம் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவின் பேரும் பதிவில் இல்லை. அப்பாவின் பேரும் போனால் நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பராவைப் பூட்டிவிடுவார்கள். கைப்பிள்ளையோடு அம்மாவால் வர முடியாது. அதனால் என்னை அனுப்பினாள். நான் தீவுக்குப் போனது சனிக்கிழமை பின்னேரம்.

அப்பா கரையில் நின்றார். வெயிலில் கறுத்திருந்தார். ஆனால் ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் "ஜெபா" என்று கூப்பிட்டு ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவை, தம்பியை விசாரித்தார். நான் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"பாப்பம்" என்றார்.

வள்ளத்திலிருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். லரீபா அவர் பக்கத்திலேயே நடந்தாள். இருவரும் ஏதோ கிழிந்த வலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் போனேன்.

இலுக்குப்புல் வேய்ந்த மண்வீடு. வாசல் முழுக்கத் தட்டிகளில் மீன் காய்ந்தது. ரஹ்மத்தும்மா என்னை உட்காரவைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்தார்.

எங்கள் காம்பராவில் இது எனக்குத் தெரிந்த காரியம். பெரட்டுக்குப் போகுமுன் அப்பா கருப்பட்டியைப் பல்லால் கடித்து, பெரிய பாதியை என் உள்ளங்கையில் வைப்பார். நக்கிக்கொண்டே பாலில்லாத சாயத் தேத்தண்ணீர் குடிப்போம். அம்மாவுக்குக்கூட அதில் பங்கு கிடையாது. அன்றும் அப்பா கடித்தார். நான் கையை நீட்டுவதற்குள் லரீபாவின் கை அங்கே இருந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த வலைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள், அப்பா வைத்தார், அவள் வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகுதான் அப்பாவுக்கு என் ஞாபகம் வந்தது. வாயிலிருந்த மற்றப் பாதியை எடுக்கப் போனார். எனக்கு இனிப்பு வேண்டாம் என்று சொன்னேன்.

இரவுக்கு மரவள்ளிக்கிழங்கும், அவர்கள் ஆணம் என்று சொல்லும் மீன் குழம்பும். நாங்கள் மாவு ரொட்டியைப் பிய்த்துப் பங்குபோடும் நேரத்தில் இங்கே சட்டி நிறைய மீன். இன்னும் கொஞ்சம் போடவா என்று ரஹ்மத்தும்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல மனுசிதான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. தாஸ் மாமா யாரையோ போலப் பேசிக் காட்டுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் பேசிக் காட்டியது எங்கள் கணக்கப்பிள்ளையை. வீட்டில் அந்த ஆளின் பேரை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

சாப்பிட்ட பிறகு நான் மறுபடி கேட்டேன். அப்பா தணலைக் கிளறிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"இங்க யாரும் என்னப் பேர் சொல்லி எண்ணுறதில்ல புள்ள."

நான் எழுந்து சட்டியைக் கழுவப் போனேன்.

வழக்கமாக விடியுமுன் லத்தீப் நாநாவோடு வலைக்குப் போவது அப்பாதான். மகள் வந்திருப்பதால் நாளைக்கு லரீபாவைக் கூட்டிப்போகிறேன், நீங்கள் படுங்கள் என்று நாநா சொல்லிவிட்டார். எனக்கும் லரீபாவுக்கும் ஒரே பாய். விளக்கை அணைத்ததும் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பெரிய துருத்தியை ஊதுவதைப் போல.

"பெரியவங்க நீந்திப் போறாங்க" என்றாள் லரீபா.

"யானையா?"

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "இருட்டினதுக்குப் பொறகு அந்தப் பேரச் சொல்லக் கூடா."

அவள் உள்ளங்கையில் மீன் வாடையோடு கருப்பட்டி வாசமும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அந்தக் கையையே பிடித்துக்கொண்டேன். லயத்தில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அப்பா வரமாட்டார் என்று வரும் வழியெல்லாம் எனக்குத் தோன்றியது, அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றெல்லாம்.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்து, "மாமாவப் போக வேணாமெண்டு நான்தான் சொன்னன்" என்றாள். "போன மாசமே ஊருக்குப் போறதுக்கு நிண்டார். நான் அழுதன்."

நான் அவள் கையை உதறிவிட்டேன். வெளியே அந்தத் துருத்தி மறுபடி ஊதியது. திரும்பவும் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. இன்னும் இருட்டு. தூரத்தில் டம், டம் என்று தப்புச் சத்தம். பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று துள்ளி எழுந்து அம்மாவின் கொழுந்துக் கூடையைத் தேடினேன். மண்சுவரில் கை தட்டியது.

விறாந்தையிலும் யாரோ எழும்பித் தடவுகிற சத்தம்.

"ஜெபா, எந்திரி எந்திரி. தப்பு அடிச்சிட்டான். என் கம்பளிய எங்க வச்சா ஒங்கம்மா?"

அப்பா. கண் பாதி மூடியபடி, இல்லாத ஆணியில் இல்லாத கம்பளியைத் தேடிக்கொண்டு நின்றார்.

அது தப்புச் சத்தம் இல்லை. லத்தீப் நாநாவும் லரீபாவும் வலையை விரித்துவிட்டுத் தடியால் தண்ணீரில் அடித்து மீனை விரட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மாதமாக அதை அடித்தது அப்பாதான். கரையில் படுத்துக்கொண்டு அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டிருக்கிறார்.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சத்தம் ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தச் சத்தம் இங்கயும் வருதே" என்றார் கடைசியில். கொஞ்சம் கழித்து, "ஒங்கம்மா தனியாத்தான எந்திரிச்சிருப்பா இப்ப" என்றார்.

விடிந்ததும் ரஹ்மத்தும்மாவிடம் போய், "ராத்தா, நான் புள்ளயோட கெளம்புறேன்" என்றார். அவர் மறுக்கவில்லை. கருவாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லரீபாதான் வள்ளம் வலித்தாள். நான் முன்னால், அவள் பின்னால். அப்பா நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளையும் தீவையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னோடுதான் வருகிறார், எனக்கு அது தெரியும். ஆனால் அந்த முதுகை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

"வள்ளம் ஆடும் புள்ள."

லரீபா துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"திரும்புங்க மாமா. நான் புடிச்சிக்கிறன்."

அவள் சொன்ன பிறகுதான் திரும்பினார்.