நாற்பத்தாறாம் தொகுதி

"நாற்பத்தாறாம் தொகுதியை எடுத்துட்டு வாங்க, மிஸஸ் ஃபென்விக்" என்றார் நீதிபதி ஓக்லி. பதினான்கு மாதங்களாக இந்த வார்த்தைகளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

கோர்ட்டின் புத்தக அறை என் பொறுப்பில் இருந்தது. இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பழைய தொகுதிகள் எங்களிடம் வரிசையாக உண்டு. புதியவற்றை வாங்கக் கவுண்டி நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிகாகோவிலிருந்து பசைச் சீட்டுகளைத் தருவித்தார்கள். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்பாடு எந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது, எது ரத்துசெய்தது என்று, அதன் தொகுதி, பக்க எண்களோடு சுண்டுவிரல் அகலச் சீட்டில் அச்சாகியிருக்கும். தாளிலிருந்து கத்தரித்து, உரிய பக்கங்களுக்குள் செருகிவைத்து, பிறகு ஒவ்வொன்றாக நனைத்து ஓரத்தில் ஒட்டுவேன். பழைய தொகுதியில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற எண் சீட்டில் இருக்காது, தாளின் விளிம்பில்தான் இருக்கும். கத்தரித்த விளிம்பு அடுப்புக்குப் போய்விடும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு ஜனவரியில், விரல்கள் விறைத்துப்போன ஒரு காலையில், நாற்பத்தாறாம் தொகுதி கைநழுவித் தரையில் விழுந்தது. ஐந்து சீட்டுகள் சிதறின. விளிம்புகள் அதற்குள் எரிந்துவிட்டிருந்தன. சிகாகோவுக்கு எழுதி இன்னொரு தாள் கேட்டிருக்கலாம். கேட்டால் கவுண்டிக்குத் தெரிந்துவிடும். பெண்ணிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தார்களே என்று முணுமுணுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஐந்தையும் நினைவிலிருந்து ஒட்டினேன். நினைவு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊகம்தான்.

இப்போது கூண்டில் நின்றவன் யோனாஸ் லிண்ட் என்ற பண்ணையாள். முதலாளியைக் கொன்றதாக வழக்கு. 'ஒத்துக்கொண்டால் தூக்கு இல்லை' என்று ஷெரிஃப் வாக்குக் கொடுத்து வாங்கிய வாக்குமூலத்தைத் தவிர அவனுக்கு எதிராக எதுவும் இல்லை. ஆசை காட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று, சீட்டு ஒட்டாத தன் சொந்தப் பிரதியிலிருந்து ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டினார் அவன் வக்கீல் பீபடி. கோர்ட்டுப் பிரதியில் அதைச் சரிபார்க்கத்தான் நீதிபதி என்னை அனுப்பினார்.

கொண்டுபோய் வைத்தேன். அவர் விரல் பக்கத்தின் ஓரத்தில் இறங்கி நின்றது.

"பீபடி, இது செத்துப்போன தீர்ப்புய்யா. நூத்திநாலாம் தொகுதியில ரத்து பண்ணிட்டாங்க. சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க."

"அந்தத் தொகுதியைப் பாக்கலாமா, ஐயா?"

"நம்மகிட்ட ஏது?"

அரசு வக்கீல் ஸ்லோகம் எழுந்தார். "பீபடி எப்பவும் இப்படித்தான், ஐயா. உயிரோட இருக்கிற சாட்சி கிடைக்கலேன்னா கல்லறையில தோண்டுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் அதிகம் தெரியாத லிண்டும், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துவைத்தான்.

"சாப்பிட்டு வந்ததும் வாக்குமூலத்தைப் படிங்க" என்று நீதிபதி எழுந்தார்.

புத்தக அறையில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். வலப்பக்கத்தில் வாக்குமூல வழக்கு, ஓரத்தில் என் சீட்டு. இடப்பக்கத்தில் வேலி தாண்டிய பன்றிகள் பற்றிய வழக்கு, ஓரம் வெறுமை. சீட்டு இந்தப் பக்கத்துக்கு உரியதா, அந்தப் பக்கத்துக்கா? விழுந்த புத்தகத்தையும் தரையில் கிடந்த சீட்டுகளையும் எவ்வளவோ நேரம் மனதுக்குள் பார்த்தேன். அவை எதையும் சொல்லவில்லை. எழுந்து பேசி, சீட்டு சரியாகவே இருந்துவிட்டால், வேலையும் பெயரும் வீணாகப் போகும். பேசாமல் இருந்து, அது தவறாக இருந்துவிட்டால்?

கோர்ட்டுச் சேவகன் ஆஸ்குட் ரொட்டியை மென்றுகொண்டே எட்டிப்பார்த்தான். "என்ன மிஸஸ் ஃபென்விக், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? என்ன படிக்கிறீங்க?"

"பன்னி வழக்கு."

"பன்னிக்கா இவ்வளவு பயம்!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஸ்லோகம் காகிதத்தைப் பிரித்தபோது நான் எழுந்து நின்றேன். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"ஐயா, அந்தச் சீட்டை ஒட்டினது நான். அது அங்கதான் இருக்கணுமான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

சொன்னேன். புத்தகம் விழுந்தது, அடுப்பு, ஐந்து சீட்டுகள்.

"சபாஷ்" என்றார் ஸ்லோகம். "இனிமே சட்டசபை எதுக்கு? பசை டப்பா போதும்."

"உக்காருங்க, ஸ்லோகம்" என்றார் நீதிபதி. என்னைப் பார்க்காமலே, உச்ச நீதிமன்றம் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தந்தி எழுதினார்.

பதில் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. என்னைச் சாட்சி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். எதிரே லிண்டின் கைகள். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்திருந்தது. சீட்டு தவறாக இருக்கவேண்டும் என்று வேண்டினேன். அது தவறாக இருந்தால் நான் யார் என்பதையும் யோசித்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க முடியவில்லை.

தந்தியை நீதிபதியே உரக்கப் படித்தார். நூற்று நாலாம் தொகுதி, சீட்டில் இருந்த பக்கம்: பன்றி வேலி. வாக்குமூலம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வாக்குமூலத்தை அவர் ஏற்கவில்லை. வேறு சாட்சியம் இல்லாததால் சாயங்காலத்துக்குள் லிண்டை விட்டுவிட்டார்கள். 'நீ போகலாம்' என்று அவனிடம் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

வேலை போய்விட்டது என்ற நினைப்பில் என் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். நீதிபதி அந்தத் தொகுதியுடன் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"அஞ்சு சீட்டுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க, ஐயா."

"மீதி நாலு?"

"தெரியாதுங்க."

புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அட்டைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன இலையுதிர் காலத்துல டட்டன் கேஸ். இந்தப் புத்தகத்தைப் பாத்துட்டுத்தான் அவனுக்கு இருபது வருஷம் போட்டேன். ஜோலியட் ஜெயில்ல இருக்கான்."

"அந்தப் பக்கத்துல சீட்டு இருந்துதாங்களா?"

"இருந்துது."

காலையிலிருந்து எனக்குள் கிடந்த பயம் இப்போது அவர் முகத்தில் இருந்தது. என்னைவிட்டும் அது போகவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

சொன்னார். புத்தகத்தைத் திறக்க, அவர் கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.