நான் நீக்கிய அரைமணி நேரம்

பத்தொன்பது சதவீதம். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் குடித்தனம் நடத்தினேன்.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை அது. அங்கே மீட்டர்களும் ஒரு பெரிய திரையும் மாட்டிய பிறகு, கம்ப்ரஸருக்கு ஆகும் மின்சாரம் பத்தொன்பது சதவீதம் குறைந்தது. டிஜிட்டல் கண்காணிப்பு வந்தால் தொழிற்சாலைகள் மின்சாரத்தை வீணடிக்காது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நாற்பத்து மூன்று வயதில், மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கி, நாய் படாத பாடு பட்டு அந்த எண்ணைப் பிடித்திருந்தேன். "இன்னுமா முடியலை?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. நாத்தனார் மட்டும் கேட்க மாட்டாள், சிரிப்பாள். அது இன்னும் மோசம்.

கம்ப்ரஸர் என்பது காற்றை அழுத்திக் குழாய் வழியாக அனுப்பும் இயந்திரம். அச்சிலிருந்து மூடியைத் தள்ளுவது, பெட்டிக்குள் ஊதுவது எல்லாம் அந்தக் காற்றின் வேலை. அங்கே மின்சாரத்தை அதிகம் தின்பதும் அதுதான். ஆகவே முதலாளி என் எண்ணை என்னைவிட அதிகமாகக் காதலித்தார். இதே ஏற்பாட்டை இன்னும் இரண்டு ஆலைகளில் செய்யப் போவதாகச் சொன்னார். கருவியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது பராமரிப்புப் பிரிவில் நான்கு பேர் எதற்கு என்றும் கேட்டார். இருவரை ஏற்கெனவே 'தற்காலிகமாக' பேக்கிங் பிரிவுக்கு மாற்றியாகிவிட்டது. வியாழக்கிழமை நான் அறிக்கையை வாசித்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். மேனேஜர் இதை எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தபடியே சொன்னார். நான் "ஓ" என்றேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, அறிக்கையின் அட்டைக்குத் திரையைப் படம் பிடிக்கப் போனேன். சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் நின்றிருந்தன. பேக்கிங் மேசைக்கு அடியில் யாரோ குப்புறப் படுத்திருந்தார்கள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"யாருங்க? அடிபட்டுடுச்சா?"

"அடியெல்லாம் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

வெளியே வந்தது சோப்பு அக்கா. ஆலையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் இருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருக்கலாம். பராமரிப்பிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றப்பட்ட இருவரில் ஒருவர் என்பது அன்றுதான் தெரிந்தது. சுத்தம் பார்க்கிற பெண்மணி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"என்னக்கா பண்றீங்க?"

அவர் ஒரு குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். இணைப்பைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பி, பெரிதாகி, உடைந்தன.

"காத்து ஒழுகுது பாருங்க. கண்ணுக்குத் தெரியாது. மெஷின் ஓடுறப்போ சத்தமும் கேக்காது. சாப்பாட்டு நேரத்துலதான் ஆளு மாட்டும்."

"இதை எப்பலேர்ந்து பண்றீங்க?"

"உங்க மீட்டரு மாட்ட வந்தாங்கல்ல, அப்பலேர்ந்து." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "முன்னெல்லாம் சாப்பாட்டு நேரத்துல ஸ்பீக்கர்ல பாட்டு போடுவாங்க. ஏணி மேல நிக்கிறவனுக்கு கீழ நிக்கிறவன் பேசுறது கேக்கலைன்னு, மீட்டர்காரங்க பாட்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஒன்பது வாரம் பாட்டே இல்ல. மொத நாளு நான் சோத்துல கை வெச்சேன், பாருங்க, நாலா பக்கமும் ஸ்ஸ்ஸ்னு சத்தம். பாம்புதான் வந்துடுச்சுன்னு தட்டைத் தூக்கிட்டு ஓடினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அத்தனையும் குழாயி. தினமும் அரைமணி நேரம், நானும் இன்னொருத்தரும் ஒவ்வொண்ணா அடைச்சோம். வாஷர் மாத்தினோம், டேப்பு சுத்தினோம். நூத்தி நாப்பத்தொண்ணு."

"நூத்தி நாப்பத்தொண்ணா! பராமரிப்புப் பதிவேட்டுல ஒண்ணுகூட இல்லையே. ஒரு வருஷப் பதிவேட்டையும் நான் படிச்சிருக்கேன்."

"எழுதலை."

"ஏன்?"

"அதை விடுங்க." குரல் சட்டென்று சுருங்கியது. "இப்ப இந்த மேசைப் பக்கம் மட்டும்தான் கை வைக்க முடியுது. அந்தப் பக்கமெல்லாம் இனிமே என் வேலை இல்லையாம்."

படம் பிடிக்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் 'தரவைச் சுத்தம் செய்வது' என்று ஒரு வேலை செய்வார்கள். மீட்டர் நிமிடத்துக்கு ஒரு எண் தரும். அத்தனையும் தேவைப்படாது. உற்பத்தி நடக்காத நேரம் எதற்கு என்று, பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரையிலான சாப்பாட்டு நேரத்தை முழுவதுமாக நீக்கியிருந்தேன். மீட்டர் மாட்டிய முதல் வாரத்தை 'முன்' என்றும், திரை இயங்கத் தொடங்கிய பிறகான மாதங்களைப் 'பின்' என்றும் வைத்து ஒப்பிட்டிருந்தேன். நடுவில் இருந்த ஒன்பது வாரம் 'நிறுவும் காலம்', அதுவும் சேராது. புத்தகத்தில் சொன்னபடிதான் செய்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருக்க, நான் நீக்கிய அரைமணி நேரங்களை மட்டும் எடுத்து ஒரு படம் வரைந்தேன். எந்த இயந்திரமும் ஓடாத நேரத்தில் கம்ப்ரஸர் ஏன் ஓட வேண்டும்? ஓடினால் அது ஒழுகலுக்குத்தான், அந்த ஒழுகல் நாள் முழுவதும் இருக்கும். அந்த ஒன்பது வாரமும் கோடு படிப்படியாகக் கீழே இறங்கியது. திரை இயங்கத் தொடங்கிய நாளுக்கு முன்பே பத்தொன்பதில் பதினாறு சதவீதம் இறங்கிவிட்டிருந்தது. மீட்டர், திரை, மென்பொருள், என் ஆய்வு எல்லாம் சேர்ந்து சாதித்தது மீதி மூன்று.

"என்ன, முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

சொன்னேன். அவர் ஒரு சட்டையை மடித்து வைத்தார்.

"வேற யாராவது இதைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருக்கா?"

"இல்லைங்க. யாருமே சாப்பாட்டு நேரத்தைப் பாக்க மாட்டாங்க."

"அப்ப தப்பிச்சே."

"நான் பாத்துட்டேனே!" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். பாவம், அவர் என்ன செய்வார்? என் பட்டத்துக்காக ஆறு வருடமாகத் துணி மடிக்கிற மனுஷன்.

மறுநாள் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனேன். அவர் நல்லவர்தான். படத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆய்வின் வரம்புகள்னு ஒரு பகுதி இருக்கில்லம்மா. 'பராமரிப்புப் பணிகளின் தாக்கம் தனியாக அளவிடப்படவில்லை'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. பொய்யும் இல்ல, பிரச்சினையும் இல்ல."

"அந்த வரியை யாரு சார் படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அந்தப் பகுதியே. இப்ப இதைப் பிரிச்சா தலைப்பையே மாத்தணும். குறைஞ்சது எட்டு மாசம். நாலாவது நீட்டிப்பு கிடைக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. யோசிச்சுக்கோங்க."

நான் உத்தமியெல்லாம் கிடையாது. பூசி மெழுகுகிற அந்த வரியை அன்று மாலையே தட்டச்சு செய்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. பத்தொன்பதும் இருக்கும், பட்டமும் இருக்கும், நாத்தனார் சிரிப்பும் நிற்கும். சோப்பு அக்காவுக்கு மட்டும் வேலை இருக்காது, அதுவும் அவர் செய்த வேலைக்காகவே. வரியை அழித்தேன். பிறகு பயம் வந்து மறுபடி சேர்த்தேன். இப்படியே செவ்வாய் போனது.

புதன்கிழமை, மீட்டரின் கடைசி வாரங்களையும் இறக்கிப் பார்த்தேன். என் ஆய்வுக்காலம் முன்பே முடிந்துவிட்டதால் அதுவரை அவற்றைத் தொட்டதில்லை. பார்த்ததும் சோப்பு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்கு ஒழுகல் விஷயத்தைச் சொல்லிடட்டுமா?"

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"சொன்னா ரெண்டு அடி விழும், வேலையும் போகும், பேரும் கெடும். சொல்லலைன்னா வேலை மட்டும் போகும், ஒரே அடி," என்றார். பிறகு, "எப்படியும் போற வேலைதான், சொல்லுங்க. ஆனா எங்களைக் காட்டிக் குடுக்கிற மாதிரி சொல்லாதீங்க."

வியாழக்கிழமை மேல்மாடி அறையில் முதலாளி, மேனேஜர், பேராசிரியர். பதினாறையும் மூன்றையும் பிரித்து, நூற்று நாற்பத்தொரு ஒழுகல் அடைபட்டதையும் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முதலாளியின் முகம் சிவந்தது.

"நூத்தி நாப்பத்தொரு ஓட்டையா? இத்தனை வருஷமா என் காசு காத்தாப் போயிட்டிருந்துதா? பராமரிப்புல நாலு பேரும் இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சார், அடைச்சதும் அவங்கதான்," என்றேன். "இதையும் பாருங்க. அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு பேரைப் பேக்கிங்குக்கு மாத்தினீங்க. அந்த வாரத்துலேர்ந்து கோடு மறுபடி ஏறுது. மூணு சதவீதம் ஏறியாச்சு. உங்க திரை முழு நாள் சராசரியைத்தான் காட்டும், உற்பத்தி ஏறி இறங்குறதுல இது மறைஞ்சுபோச்சு, அதனால யாருக்கும் தெரியலை. குழாய் மறுபடி ஒழுக ஆரம்பிச்சிடுச்சு."

முதலாளி திரும்பி அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்த இருவரில் ஒருவரான சோப்பு அக்காவை மேலே வரச் சொன்னார்.

அக்கா கையைத் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நூத்தி நாப்பத்தொண்ணு நீங்க அடைச்சதா?"

"ஆமா சார். நானும் இன்னொருத்தரும்."

"அப்புறம் ஏன் பதிவேட்டுல ஒரு வரிகூட எழுதலை? எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு நேராக அவரையே பார்த்தார்.

"எழுதினா, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பீங்கன்னு பயந்துதான் சார் எழுதலை."

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பி, "நான் அப்படியா கேப்பேன்?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு பேரையும் பழைய இடத்துக்கே போகச் சொல்லுங்க," என்றார் முதலாளி கடைசியில். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அக்காவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பேராசிரியர் வாசலில், "எட்டு மாசம்மா. அதுவும் ஆய்வுக் குழு ஒத்துக்கிட்டாதான்," என்றார். "தெரியும் சார்," என்றேன். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். பட்டம் போனாலும் போகும் என்ற துக்கம் அதில் பாதி இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த ஆலையில் முப்பத்தாறு பேரிடம் ஆளுக்கு அறுபது கேள்வி கேட்டிருக்கிறேன். திரை பிடித்திருக்கிறதா, பயிற்சி போதுமா என்றெல்லாம் கேட்டேன். நல்லது செய்தால் அதைச் சொல்லப் பயமாக இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன். என் ஆய்வு அன்றைக்குத்தான் தொடங்கியது.