தேதி இல்லாதவர்கள்

சாலை பஜாரிலிருந்த தம் பலசரக்குக் கடையிலிருந்து அப்பா கூப்பிட்டபோது ஸ்ரீப்ரியா கழக்கூட்டம் ஆபீஸில் மத்தியானச் சோற்றைப் பிரித்திருந்தாள். மறுநாள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்க ஓர் ஆளாவது வராவிட்டால் தள்ளிவைப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போய், அம்மா நாலு படி ஏறினாலே வெளிறிப்போகிறாள்.

“மக்ளே, நீ செஞ்ச சைட்டுலதான் தேடுனேன். ஒரு ஆளுகூட இல்லன்னு வருது, கேட்டியா,” என்றார் அப்பா திரவியம்.

ரத்ததானச் சங்கத்துக்கு அந்தத் தளத்தைச் சும்மா செய்துகொடுத்தவள் அவள். பலசரக்கு வாங்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டிப் பெருமையடித்திருந்தார். இப்போது அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தேடலில் அவள் வைத்த ஃபில்டர்கள் மூன்று. ரத்த வகை, மாவட்டம், கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது. மூன்றாவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொடுத்த மனுஷரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பிடுங்கக் கூடாதல்லவா. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தேதியை எடுத்ததும் சில பெயர்கள் வந்து நின்றன. எல்லோருக்கும் கடைசியாகக் கொடுத்த நாள் காலி. இதுவரை கொடுத்ததே இல்லை, கொடுக்கத் தயார் என்று தாமாகவே பதிந்தவர்கள். காலி இடத்தை எந்தத் தேதியோடு ஒப்பிடுவது? கம்ப்யூட்டர் அவர்களை வாசலோடு நிறுத்திவிட்டிருந்தது. ‘தேதி காலியாக இருந்தாலும் சேர்த்துக்கொள்’ என்று ஒரு நிபந்தனையை எழுதினாள். வந்த பெயர்களை வரிசையாகப் போனில் கூப்பிட்டாள்.

முதலில் போனை எடுத்தவர் வன்னியராஜ். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

“பேரு குடுத்து ரெண்டு வருஷமாச்சு, ஆரும் போன்ல விளிக்கல. நம்ம ரத்தம் வேண்டாம் போலன்னு விட்டுட்டேன்,” என்றார். ஷிஃப்ட் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கொடுத்து முடித்துக் கிளம்பியவரின் கையைத் திரவியம் வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் அம்மா கண்விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகுதான் ஸ்ரீப்ரியா லேப்டாப்பைத் திறந்தாள். வன்னியராஜின் பெயருக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் தேதியைப் பதிந்தாள். பிறகு ஓ நெகட்டிவ் என்று தேடினாள். மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர் பெயர் மட்டும் இல்லை. இனி மூன்று மாதத்துக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள்.

திரவியம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“ரெஸ்ட் எடுக்கட்டும்,” என்றார்.

பெயர் இல்லாத அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.