மாமியார் பெயரில் ஒரு செடி

எங்கள் துறைத்தலைவர் புதிய செடி இனம் ஒன்றைக் கண்டுபிடிக்கக் காடு மலை ஏறவில்லை. ஆய்வுக்கூடத்து ஜன்னலோரத் தொட்டியிலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் ஐந்து வருடமாக ஆராயும் வெள்ளைப் பூச்செடிக்குச் செல் ஒன்றில் பதினெட்டு குரோமோசோம்கள். தொட்டியில் இருந்ததற்கு முப்பத்தாறு. பூவும் தட்டு அகலம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தன் மாமியார் பெயரையே அதற்குச் சூட்டப்போவதாக அறிவித்தார். மாமியாருக்குச் சொந்தமாக ஒரு மாடி வீடு இருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"உன் ஆய்வேட்டுல இது புது இனம்னு ஒரு அத்தியாயம் சேத்துடும்மா. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் கிடையாது.

வேர் நுனியை நசுக்கி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் செடியில், நுனியில் குமிழ் வைத்த நீளமான குரோமோசோம் இரண்டு உண்டு. இதில் அதுவே நான்கு. மற்றவையும் அப்படித்தான், புதிதாக ஒன்றுகூட இல்லை. பழைய செடியே இரட்டிப்பாகியிருந்தது. எப்படி என்பதும் எனக்குத் தெரியும். குரோமோசோம்களை எண்ண வசதியாக, செல் பிரிவதை நிறுத்திவைக்க ஒரு மருந்து வைத்திருக்கிறோம். அது பட்டால் குரோமோசோம் இரட்டிக்கும், செல் பிரியாது. வாஷ்பேசின் அடைத்துக்கொண்ட நாட்களில், மிச்ச மருந்தை விதை முளைத்துக்கொண்டிருந்த அந்தத் தொட்டியில் கவிழ்த்தவர் சாட்சாத் தலைவரேதான்.

போய்ச் சொன்னேன். "உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?" என்றார்.

பெயர் சூட்டும் நாளில் மாமியார் முன்வரிசையில் இருந்தார். தலைவர் முழங்கி முடித்ததும் மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதானே எண்ணினே? இது நெஜமாவே புதுச் செடியா?"

தலைவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். ஐந்து வருட உழைப்பு. ஆனாலும் இந்த வாய் சும்மா இருக்குமா?

"இல்லைங்கம்மா. பழைய செடிதான். சார் மிச்ச மருந்தை ஊத்தினதுல இப்படி ஆயிடுச்சு."

தலைவர் அசரவில்லை. "அத்தை, நான் தெரிஞ்சேதான் ஊத்தினேன். அது ஒரு சோதனை" என்றார். சிலர் கைதட்டக்கூடத் தயாரானார்கள்.

"தெரிஞ்சே ஊத்திட்டுத்தான், புதுச் செடின்னு எம் பேரை வச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு மாமியார் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் தலைவர் கூப்பிட்டனுப்பினார். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவரோ ஆய்வேட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"சார், அந்த அத்தியாயம்..."

"ஒண்ணும் வேணாம். என் பொண்டாட்டி உன்னைப் பாக்கணும்னு கெளம்பியிருக்கா. அவ என்ன கேட்டாலும் நீ நெஜத்தைத்தான் சொல்லுவே. அவ வர்றதுக்குள்ள போயிடு தாயே!"