இருபத்தேழு இன்ச்

எங்கள் வீட்டு மானிட்டரை உடைத்தது நான்தான். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விளையாட்டில் எங்கள் பக்கம் நான் ஒருத்தன் மட்டும் உயிரோடு நின்றேன். எதிரணியில் இன்னும் ஒருவனைச் சுட்டால் ஜெயம். அந்த நேரம் பார்த்துத் திரை ஒரு நொடி திணறி நின்றது. மறுபடி ஓடியபோது நான் செத்துக் கிடந்தேன். யோசிக்கும் முன்னால் கை போய்விட்டது. நடுத்திரையில் என் முஷ்டி இறங்கிய இடத்திலிருந்து மை கொட்டினாற்போலக் கறுப்பு பரவியது.

அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கன்னத்தில் ஒன்று விட்டாள். காதுக்குள் ஙொய் என்று கேட்டது. எனக்கு இருபத்தாறு வயது. பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பதிலுக்கு நானும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் கீபோர்டைத் தூக்கி என் முழங்கையில் அடித்தாள். நாலு எழுத்துக்கட்டைகள் தெறித்துக் கட்டிலடியில் ஓடின.

"நாளைக்குக் காலையில நூத்தம்பது படம் குடுக்கணும்டா! எதுல பாத்து வேலை செய்வேன், உன் மூஞ்சியிலயா?"

அக்கா கல்யாணப் படங்களைத் திருத்துகிறவள். ஒரு ஸ்டுடியோவுக்காக வீட்டில் இருந்தே வேலை. மணப்பெண்ணின் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் தொந்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது, முகத்தின் நிறத்தைச் சரியாகக் கொண்டுவருவது. அவளுக்கும் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் புருஷன் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரே ஒரு பெட்டியோடு வந்து என் அறையின் மறுபாதியில் குடியேறினாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய திரை அவளுக்கும் துரோகிதான். போன மாதம் அதில் பார்த்துத் திருத்திய ஆல்பம் அச்சாகி வந்தபோது மணப்பெண் மஞ்சள்காமாலை வந்தவள் போல இருந்தாள். ஸ்டுடியோ முதலாளி ஆல்பத்தை அக்காவின் மேல் வீசினார். அட்டையின் முனை புருவத்தைக் கிழித்து மூன்று தையல். அதற்குப் பிறகும் அங்கேதான் வேலை செய்தாள். வேறு வேலை கிடைக்க வேண்டுமே.

அன்று சாயங்காலம் கோபம் தணிந்து உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மானிட்டர். காசு அவள் பாதி, நான் பாதி. நூற்றைம்பது படத்தையும் அன்று ராத்திரி ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து அக்கா முடித்தாள். மறுநாளே கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி. "விளையாடவா, போட்டோ வேலைக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்" என்றோம் ஒரே குரலில்.

"எவ்வளவுக்குள்ள?"

அக்கா சொன்னாள். அவர் மூக்கைச் சொறிந்தார். "அப்ப உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் அழணும்."

முதலில் காட்டியது எனக்கானது. நொடிக்கு நூற்றெண்பது தடவை படம் மாறும், வேகத்தில் பறக்கும். ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறமெல்லாம் வெளுத்துப்போனது. "இதுல பாத்தா பொண்ணு பேய் மாதிரி தெரியுது" என்றாள் அக்கா. அடுத்தது அவளுக்கானது. ஐ.பி.எஸ். பேனல், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் அசையவில்லை. வேகம் மட்டும் மாட்டு வண்டி. இரண்டுக்கும் நடுவாந்தரமாக இருபத்துநாலு இன்ச்சில் ஒன்றை அவர் எடுத்து வைத்தார். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் கண் சுவரில் மாட்டியிருந்த இருபத்தேழு இன்ச்சில் இருந்தது. அதில் நிறமும் இருந்தது, வேகமும் இருந்தது. விலைதான் எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

"பழசுல பாக்கலாம்" என்றேன்.

"பழசுன்னா பாத்து வாங்குங்க. பொருளை மட்டுமில்ல, விக்கிற ஆளையும் பாருங்க" என்றார் கடைக்காரர்.

இரண்டு நாள் போனைத் துழாவியதில் அதே இருபத்தேழு இன்ச் கிடைத்தது. ஒன்றரை வருஷம்தான் ஆகிறதாம். எங்கள் பட்ஜெட்டுக்கும் கீழே. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச்சொன்னார்கள். திரையைச் சுற்ற ஒரு பழைய போர்வையை எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத இஸ்திரிச் சட்டை. "வாங்க சார், வாங்க மேடம். லிப்ட் வேலை செய்யல, மன்னிச்சுக்கங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

உள்ளறையில் மேஜைமேல் மானிட்டர் இருந்தது. பக்கத்தில் வரையும் பேனா, லென்ஸ் துடைக்கும் துணி, விளக்கின் கழுத்தில் மாட்டிய ஒரு தலைமுடிப் பட்டை. அக்கா தன் பென்டிரைவைச் செருகி வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக விட்டுப் பார்த்தாள். ஒளிராமல் செத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. பிறகு அந்த மஞ்சள்காமாலை மணப்பெண்ணைத் திறந்தாள். இந்தத் திரையில் அவள் அச்சில் வந்தது போலவே மஞ்சளாக இருந்தாள். எங்கள் பழைய திரை மறைத்ததை இது அப்படியே காட்டியது.

"நிறத்தை யாரோ கருவி வெச்சு அளந்து சரிபண்ணியிருக்காங்க. நீங்க போட்டோ வேலை பாக்கறீங்களா?"

"சும்மா, பொழுதுபோக்கு" என்றான்.

"எந்தக் கருவி?"

"அது... மறந்துபோச்சு மேடம். பேக் பண்ணிடலாமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு அந்தத் திரை வேண்டும். திரையைக் கட்டில்மேல் குப்புறப் போட்டு, ஸ்டாண்டைக் கழற்ற அவனுக்கு நானே ஒத்தாசை செய்தேன். நல்ல கனமான இரும்பு. கழற்றி அக்காவிடம் நீட்டினேன்.

அப்போது வாசலில் சாவி திரும்பியது.

தோளில் கேமரா பையோடு ஒரு பெண் வந்து அறை வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"அது என்னோடது" என்றாள். சத்தமே இல்லாத குரல்.

"உள்ள போ" என்றான் அவன். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"நான் சம்பாதிச்சு வாங்கினது. நாளைக்கு வேலை இருக்கு எனக்கு."

"வேலை! எவன் எவனோட வீட்டு விசேஷத்துக்கோ போய்ப் பல்லைக் காட்டறதுக்குப் பேரு வேலையா? இது இருந்தாத்தானே போவே."

அவள் வந்து திரையின்மேல் கையை வைத்தாள். அவன் எங்கள் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம் சார்" என்றான். சொல்லிவிட்டு அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கதவு நிலையில் முகத்தை மோதினான். மொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தடவை மோதினான். அவள் கத்தவில்லை. பழகியவள் போல ஒரு கையால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். நிலையில் ரத்தம் கோடாக இறங்கியது.

நான் நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு பேரைச் சுடுகிறவன், கையில் ஸ்குரூ டிரைவரோடு மரம் மாதிரி நின்றேன்.

"விடுடா அவளை!" அக்கா கத்தினாள்.

அவன் அவளைத் தரையில் போட்டு, கழுத்தில் முழங்காலை ஊன்றினான். அப்போதுதான் என் கால் நகர்ந்தது. பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் பார்க்காமலே முழங்கையை வீசினான். அது என் மூக்கில் விழுந்தது. கண் இருட்டி நான் கட்டில்மேல் சாய, திரை என் முதுகுக்கு அடியில் நொறுங்கியது. சரிந்து, தரையில் கையூன்றி எழ முயன்றபோது அவன் என் கைவிரல்களை மிதித்தான். சுண்டுவிரல் முறிந்ததை நானே கேட்டேன்.

அக்கா அவன் தோளைப் பற்றினாள். அவன் திரும்பி அவள் வாயில் குத்தினான். உதடு பிளந்தது. மறுபடியும் தரையில் கிடந்தவள் கழுத்தில் முழங்காலை ஊன்றினான். அவள் கண்கள் மேலே செருக ஆரம்பித்திருந்தன.

அக்கா ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

முதல் அடி அவன் முன்னங்கையில் விழுந்தது. விறகு ஒடிகிற மாதிரி இருந்தது. அவன் ஊளையிட்டபடி எழுந்து அக்காமேல் பாய்ந்தான். இரண்டாவது அடி தாடையில். அவன் மேஜையில் மோதி, பல்லோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டு குப்புற விழுந்தான். அதோடு முடிந்தது. அவன் எழுந்திருக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அக்கா ஒரு அடி முன்னால் போய், அவன் முதுகில், தோள்பட்டைக்கு நடுவில், மூன்றாவது அடியை இறக்கினாள். மெதுவாக, அளந்து அடித்த அடி. நாலாவதுக்கு ஓங்கியபோது நான் அவளை இடுப்போடு கட்டிப்பிடித்தேன். அவள் உடம்பு காய்ச்சல் கண்டது போலக் கொதித்தது.

அந்தப் பெண் சுவரைப் பிடித்து எழுந்தாள். இருமினாள். தள்ளாடி வந்து அக்காவின் கையிலிருந்து ஸ்டாண்டை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிடுங்க. நான் அடிச்சேன்னு சொல்லிக்கறேன்."

"முதல்ல உட்காரும்மா" என்றாள் அக்கா. நான் இடதுகையால் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பிறகு போலீசையும்.

ஸ்டேஷனில் இன்னொரு கூத்து. அவனுடைய அண்ணன், கழுத்து எது தலை எது என்று தெரியாத ஆள், எங்களைப் பார்த்ததும் நேராக வந்து என் உடைந்த மூக்கிலேயே மறுபடி குத்தினான். "திருட்டுப் பசங்களா! வீடு புகுந்து என் தம்பியை அடிப்பீங்களா!" இரண்டு காவலர்கள் அவனை இழுத்துப்போய் லாக்கப்பில் தள்ளிய பிறகும் கம்பியை உதைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் மானிட்டரைத் திருட வந்ததாகத்தான் ஆஸ்பத்திரியில் தம்பிக்காரனும் உடையாத கையால் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தான். என் போனில் அவன் அனுப்பிய விலாசமும் "பதினோரு மணிக்கு வாங்க" என்ற செய்தியும் இருந்ததால் அது எடுபடவில்லை.

"சரி, அடிச்சது யாரு?" என்றார் பெண் இன்ஸ்பெக்டர்.

"நான்" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தின் இடதுபாதி வீங்கிக் கண் தெரியவில்லை.

"இல்ல, நான்" என்றாள் அக்கா, தையல் போட்ட உதட்டோடு.

"நான்தாங்க."

"பொய் சொல்றா மேடம். நான்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். நான் இல்ல, நான் இல்லன்னுதான் கேட்டிருக்கேன்." பிறகு அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, "இது முதல் தடவையா?" என்று கேட்டார். அவள் சட்டையின் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். புதுசும் பழசுமாகப் பல நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். அன்றைக்கு நடந்ததை மட்டுமல்ல, கல்யாணமான நாளிலிருந்து. எழுதிய காவலருக்குக் கை வலித்திருக்கும்.

இருந்தாலும் அக்கா பெயரில் வழக்கு பதிவானது. தாடை முறிந்தவன் சும்மா விடுவானா?

அடுத்த வாரம் மறுபடி அதே கடை. என் கையில் மாவுக்கட்டு, மூக்கில் பிளாஸ்திரி. அக்காவுக்கு உதட்டில் தையல். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"விபத்தா?"

"பழசு பாக்கப் போனோம்" என்றாள் அக்கா.

நாங்கள் வேண்டாமென்ற அந்த இருபத்துநாலு இன்ச்சையே எடுத்து வைத்தார். ஐ.பி.எஸ். பேனல், நொடிக்கு நூறு தடவை. "ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் அழுவீங்க, அவ்வளவுதான்" என்றார். வாங்கிக்கொண்டோம். வீட்டில் அதை மாட்டிய அன்றைக்கே அக்கா ஸ்டுடியோ முதலாளிக்குப் போன் செய்து, இனிமேல் வேலைக்கு வரமாட்டேன் என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "என் புருவத்தைத் தடவிப் பாத்தேன்" என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குணமானதும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் எடுக்கும் படங்களை இப்போது என் அக்காதான் திருத்துகிறாள்.

வழக்கு எட்டு மாதம் இழுத்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். எத்தனை அடி என்று அவனுடைய வக்கீல் கேட்டார். இரண்டு என்றேன். முதுகில் இருந்த காயம் மேஜையில் மோதி விழுந்ததால் இருக்கலாம் என்றேன். அந்தப் பெண்ணும் ஏறி, இரண்டு என்றாள். நாங்கள் பேசிவைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற அடித்தது என்று தீர்ப்பாகி அக்கா விடுதலையானாள். அவனுக்குத் தனி வழக்கில் மூன்று வருஷம். அப்பீலுக்குப் போயிருக்கிறான், வெளியேதான் திரிகிறான். அக்கா இப்போது கடைத்தெருவுக்குச் சுற்றுவழியாகப் போகிறாள்.

தீர்ப்பன்று கோர்ட் படியில் இறங்கும்போது அக்கா நின்றாள்.

"மூணாவதை நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அது தேவையில்லாதது."

"தெரியும்."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அது இவனுக்கு விழுந்த அடி இல்லடா" என்றாள். "இவன் முதுகு கெடைச்சுது, அவ்வளவுதான்."

ஒரு பெட்டியோடு அவள் வந்து நின்ற நாளிலிருந்து நான் கேட்காமல் விட்டதெல்லாம் என் தொண்டைவரை வந்தது. கேட்கட்டுமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றா அப்புறம் என்றா, தெரியவில்லை. பஸ் வந்தது. கூட்டத்தில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. அவளை உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.