மடாதிபதியின் வாசல்

அது அந்தோனியார்தான் என்று மாக்கிரட்டுக்குச் சொன்னவள் நான். இத்தாலியில், பலெர்மோவில் ஏழு வருடம் இருந்தவள் என்ற பெருமை எனக்கு. நகரின் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் அந்தச் சிலை நின்றது. நடுவில் மழித்த தலை, நீண்ட அங்கி, காலடியில் ஒரு குழந்தை. வேறு யாராக இருக்க முடியும்? கீழே இருந்த எழுத்தை நான் வாசித்துப் பார்க்கவில்லை.

காணாமற் போனதைத் தேடித் தருபவர் அந்தோனியார். மாக்கிரட்டுக்குக் காணாமற் போனது மகன் றொஜர். போன வருடம், தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸால் இறக்கினார்கள். பிறகு எந்த முகாமிலும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள். அவள் பதின்மூன்று செவ்வாய்க்கு நேர்த்தி வைத்தாள். லிபெர்த்தாப் பக்கம் வேலை செய்யும் வீட்டில் கிழவிச் சின்யோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, இரண்டு பஸ் மாறி வந்து மெழுகுதிரி கொளுத்துவாள். அன்றைக்கு மச்சம் மாமிசம் தொடமாட்டாள். நானும் கூடப் போவேன்.

பதின்மூன்றாம் செவ்வாய், கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிழவர் எங்கள் பக்தியை மெச்சி ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார். மாக்கிரட் அதை என்னிடம் நீட்டினாள்.

"வாசியுங்கோ அகஸ்ரீனாக்கா. அவரின்ரை கதையைக் கேப்பம்."

முதல் வரியிலேயே மடாதிபதி ஜிஸ்மொந்தோ என்று இருந்தது.

"இது அந்தோனியார் இல்லை, மாக்கிரட்."

அவள் சிலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு கிழமையும் நான் ஆரிட்டைக் கேட்டனான்?"

வெட்கத்தை மறைக்க மளமளவென்று வாசித்துக்கொண்டே போனேன். எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஆள். சொத்தை உதறிவிட்டு மலையில் மடம் கட்டினார். அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார். இரத்த உறவை இனிக் காண்பதில்லை என்று சத்தியம் செய்தார். தாய் தேடி வந்தாள். கதவு திறக்கவில்லை. பதினொரு நாள் வாசலிலேயே இருந்து பனியில் செத்தாள். அவர் உள்ளே செபித்துக்கொண்டிருந்தாராம். அதை மன உறுதி என்று வேறு புகழ்ந்திருந்தார்கள். முடித்த பிறகுதான் யாருக்கு எதை வாசித்தேன் என்பது உறைத்தது. என் வாயில் கொள்ளிதான் வைக்க வேண்டும்.

"இவனும் ஒரு மனிசனே? வா, போவம். வேறை கோயிலிலை அந்தோனியார் இருப்பார், முதலிலையிருந்து தொடங்குவம்," என்றேன்.

மாக்கிரட் அசையவில்லை. இனித் தொடங்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்தத் தாய்க்குத் தெரியுமோ, மகன் உள்ளுக்குத்தான் இருக்கிறாரெண்டு?"

"ஓம். தெரிஞ்சுதான் இருந்தவ."

"குடுத்துவைச்ச மனிசி," என்றாள்.